மேற்குச் சுவரில் வைத்த கண்ணாடி ஜன்னல்

ஸ்டுடியோ தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் என்னைப் பார்த்தால் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு ஆளை எந்தப் பக்கம் உட்கார வைக்க வேண்டும், முகத்தில் நிழல் எவ்வளவு விழலாம் என்றெல்லாம். அது ஒரு வருஷத்தில் தானாகக் கைக்கு வந்துவிடும். பக்கத்து ஊரில் உங்களைவிட நன்றாகப் படம் எடுக்கிற ஒருவர் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அப்படி ஒருவர் இருப்பார். எல்லோருக்கும் இருப்பார்.

எனக்கு வாய்த்தவர் குற்றாலத்தில் இருந்தார். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஆள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஆனாலும் அந்தப் பெயரைச் சொன்னால் எனக்கு வயிறு எரியும், டாக்டர் ஏற்கெனவே காரம் கூடாது என்று சொல்லியிருக்கிறார். குற்றாலத்துக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

அப்போது உலகச் சண்டைக் காலம். தென்காசியில் என் வீடுதான் என் ஸ்டுடியோ. கொல்லைப்புறத்தில் வடக்குப் பார்த்து ஒரு ஓலைச் சாய்ப்பு இறக்கியிருந்தேன். அதன் கீழே திரையைக் கட்டி, நாற்காலியைப் போட்டுப் படம் எடுப்பேன். கடையநல்லூர் ஜவுளி வியாபாரிகள், சுரண்டைச் சந்தைக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள், புதுமாப்பிள்ளைகள் என்று ஆள் வந்துகொண்டுதான் இருந்தது. குறை ஒன்றும் இல்லை. ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் மட்டும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

சாரல் விழுந்தால் ஜமீன் வீட்டாரும் பெரிய வக்கீல்மாரும் குற்றாலத்துப் பங்களாக்களில் வந்து இறங்குவார்கள். அருவியில் குளித்துவிட்டு, மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, அடுத்து என்ன என்று யோசிக்கிறபோது படம் எடுத்துக்கொள்ளத் தோன்றும். குற்றாலத்துக்காரர் வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும். அந்த வண்டிகளெல்லாம் தென்காசியைத் தாண்டித்தான் போக வேண்டும். என் தெருமுனையில் நின்றால் மணிச்சத்தம் கேட்கும். நான் நின்று கேட்பேன்.

அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பண்ணையார் ஒருவர் என் வீட்டுக்கு வந்து துணியில் சுற்றிய படம் ஒன்றை நீட்டினார். குற்றாலத்தில் எடுத்தது. "இதுக்கு ஒரு நல்ல சட்டமா போட்டுக் குடும்" என்றார். படத்தைப் பார்த்தேன். மனிதர் நேரில் அவ்வளவு அழகில்லை. ஆனால் படத்தில் அவர் கன்னத்தில் வெளிச்சம் எண்ணெய் வழிகிற மாதிரி மெதுவாக இறங்கியிருந்தது. "அவரு மேக்குச் சுவத்த இடிச்சுக் கண்ணாடி ஜன்னல் வச்சிருக்காரு. நீரும் ஒண்ணு வையுமே" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். எதிரி எடுத்த படத்துக்கு என் கையால் நான்கு பக்கமும் ஆணி அடித்து, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு ஆணியையும் எங்கே அடிக்க ஆசைப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அந்த ஜன்னலைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. நேரே போய்க் கேட்கலாம், செத்தாலும் கேட்க மாட்டேன். குளிக்கப் போகிறவன் மாதிரி உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். சீசனில் குற்றாலத்தில் எண்ணெய் வழிகிறவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவர் வீட்டுப் பின்பக்கம் சுற்றிப் போய் நின்றேன். திறந்து மூடுகிற ஜன்னல் இல்லை அது. கதவே கிடையாது. சுவரோடு பதித்த மரச்சட்டம், சட்டம் நிறையக் கண்ணாடி. காற்றும் சாரலும் வெளியே நிற்கும், வெளிச்சம் மட்டும் உள்ளே போகும். மேலே ஒரு பூசணிக்காய் தொங்கியது, கண் படக்கூடாதாம். என் கண்ணைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து, சுவரில் கைவைத்துச் சாண் சாணாக அளந்தேன். அகலம், உயரம், தரையிலிருந்து எவ்வளவு தூரம் எல்லாவற்றையும் மனத்தில் போட்டுக்கொண்டு, குளிக்காமலே திரும்பினேன்.

தென்காசியில் நல்ல ஆசாரி இருந்தார். அவர்தான் குற்றாலத்துக்காரருக்கும் வேலை செய்தவர். அவருக்கு மரம் இழைத்த கை என் வீட்டில் உளி பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். விஷயம் அங்கே போய்விடும் என்ற பயமும் இருந்தது. ஜன்னலை நானே வைத்துவிடுவது என்று இறங்கினேன். அதுவரை நான் செய்திருந்த மரவேலை படத்துக்குச் சட்டம் போடுவதுதான். இது கொஞ்சம் பெரிய சட்டம், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

மரத்துக்கு எங்கே போவது? கொல்லைச் சாய்ப்பில் நல்ல பனஞ்சட்டமும் இரண்டு தேக்குக் கால்களும் இருந்தன. ஜன்னல் வந்தபிறகு சாய்ப்பு எதற்கு? பிரிக்க ஆரம்பித்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"இங்கேருங்க, இதப் பிரிச்சா வெறக எங்கன வைக்கது?"

"வெறகா முக்கியம்? அந்தாளு அங்கன ஜன்னல வச்சு ஊரையே வளைச்சுப் போடுதான்."

"உங்களுக்கு ஜன்னல் வேணும்னு தோணுச்சா, இல்ல அவருட்ட இருக்குன்னு தோணுச்சா?"

"ஏட்டி, ஏணியப் பிடி" என்றேன்.

முன்னறையின் மேற்குச் சுவரை உடைத்த கதையை நீட்டப் போவதில்லை. மேலே பனஞ்சட்டம் கொடுத்துத் தாங்க வைத்துவிட்டுத்தான் கீழே உடைத்தேன், அந்த அளவுக்கு மூளை இருந்தது. கண்ணாடிதான் பெரும்பாடு. சண்டையில் கண்ணாடி வரத்து நின்றுபோயிருந்தது. அவர் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டார், அதிலும் முந்திக்கொண்டார். அந்தக் காலத்தில் நாங்கள் படம் எடுத்தது கண்ணாடிப் பிளேட்டில். வீணாய்ப்போன பிளேட்டுகள் என்னிடம் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. கண் மூடிய மாப்பிள்ளைகள், ஆடிப்போன குழந்தைகள், தலை பாதி விட்டுப்போன தாசில்தார். சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊற வைத்தால் மேலே இருக்கும் ஜவ்வு அப்படியே கழன்றுவிடும், சுத்தமான கண்ணாடி மிஞ்சும். என் மனைவி தேய்த்துத் தேய்த்து வெயிலில் அடுக்கினாள். "இத்தன பேரையா கெடுத்து வச்சிருக்கீய?" என்று மட்டும் கேட்டாள்.

அவருடையது பெரிய பெரிய கண்ணாடி. என்னுடையது உள்ளங்கை இரண்டு சேர்த்தாற்போலச் சின்னச் சின்னத் துண்டுகள். அதற்கேற்பக் குறுக்குச் சட்டங்கள் அடித்துப் பதித்தேன். மயிரிழை இடம் விடாமல் இறுக்கமாக வைத்தேன். சாரல் காற்று பட்டதும் மரம் உப்பி நெருக்கியதில் மூன்று துண்டில் விரிசல் விழுந்துவிட்டது. "நடைக் கதவு ஆனியில உப்பிக்கிட்டுச் சாத்த மாட்டேங்குல்லா? இதுவும் மரந்தான?" என்றாள் அவள். எல்லாவற்றையும் கழற்றி, சுற்றிலும் இடம் விட்டு, சாக்கட்டிப் பொடியில் ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைந்த மக்குப் பசையை வைத்து இடுக்கை அடைத்தேன். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆசாரி இல்லாமல், அசலார் கைபடாமல், அவர் ஜன்னல் என்ன அளவோ அதே அளவு, அதே உயரம், அதே மேற்குச் சுவர்.

மறுநாள் காலையில் அந்த அறையைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அப்படி ஒரு வெளிச்சம். என் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து, கேமராவில் பிளேட் இல்லாமலே கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு விட்டுப் பார்த்தேன். பண்ணையார் கன்னத்தில் இறங்கிய அதே எண்ணெய் வழிகிற வெளிச்சம். மத்தியானம் வரைக்கும் நான் தரையில் நடக்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் அச்சன்புதூரிலிருந்து ஒரு அம்மாளும் அவள் மகனும் வந்தார்கள். அவள் புருஷனை இழந்தவள். ஒரே மகன், பட்டாளத்தில் சேர்ந்தவன், லீவு முடிந்து மறுநாள் காலை ரயிலில் போகிறான். கப்பலேற்றப் போகிறார்கள் என்று பேச்சு. காக்கிச் சட்டையில் விறைப்பாக நின்றான். அந்த அம்மாள் அதுவரை படமே எடுத்துக்கொண்டதில்லை.

"எம் மவன்கூட ஒரு படம் வேணும் அண்ணாச்சி. அவன் போன பொறவு பாத்துக்கிட்டாவது கெடப்பேன்" என்றாள்.

"நம்ம ஜன்னல்ல பாருங்க, எப்படி விழுதுன்னு" என்றேன். இந்தப் படம் ஊரெல்லாம் சுற்றும், குற்றாலம் வரைக்கும் போகும் என்று உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேரையும் உட்கார வைத்தேன். அந்த நேரம் பார்த்துச் சூரியன் சரிந்து ஜன்னலுக்கு நேரே வந்தது. உங்களுக்குப் புரிந்திருக்கும். மேற்குச் சுவர், சாயங்கால வெயில். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் சூரியனைப் பார்த்து அந்த ஜன்னலை வைக்கவில்லை, ஒரு மனிதரைப் பார்த்து வைத்தேன். வெயில் அந்த அம்மாள் முகத்தில் நேராகக் குத்தியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"கண்ணு தொறக்க மாட்டேங்கு அண்ணாச்சி. மனசுல வச்சுக்காதீய" என்று அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

வீம்புக்கு ஒரு பிளேட்டை எடுத்தேன். கழுவிப் பார்க்கவே வேண்டாம், அவள் கண் மூடியது எனக்கே தெரிந்தது. பிளேட்டுக்கும் பஞ்சம்தான் அப்போது. கையில் இன்னும் ஒன்றுதான் இருந்தது.

முதுகை ஜன்னலுக்குக் காட்டி உட்கார வைத்தால் முகம் கரியாகத் தெரிந்தது. பக்கவாட்டில் வைத்தால் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. ஜன்னலில் வேட்டியைக் கட்டினேன். மேகம் ஓடிவந்து மூடினால் அறையே இருட்டிவிடும், மேகம் விலகினால் மறுபடி வேறு மாதிரி ஆகிவிடும். அந்த மேல்காற்றில் வெயில் ஒரு நொடி நிலையாக நிற்கவில்லை. வெளியே கூட்டிப் போகலாம் என்றால் வெயிலோடு சேர்ந்து சாரலும் அடித்தது, காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம். கால் தன்னால் கொல்லைப்பக்கம் போயிற்று. சாய்ப்பு இருந்த இடத்தில் விறகு நனைந்துகொண்டிருந்தது.

என் மனைவி பின்னாலேயே வந்தாள். மெதுவாகச் சொன்னாள்: "குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

"வாய மூடு."

"அந்தப் பையன் நாளைக்குப் போறான். உங்களுக்கு அவரு மேல உள்ளது நாளைக்கும் இருக்கும், நாளன்னைக்கும் இருக்கும்."

தம்பிகளே, இந்தத் தொழிலில் நான் எடுத்த முடிவுகளில் இதுதான் பெரியது. திரும்பி உள்ளே போகிற அந்தப் பத்தடியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போனால் அவர் சிரிப்பார், ஊர் சிரிக்கும், பண்ணையார் கேட்டால் தொடையைத் தட்டிச் சிரிப்பார். போகாவிட்டால் இந்த அம்மாளிடம் கண் மூடிய படம்தான் இருக்கும். அவர்களை மட்டும் அனுப்பியிருக்கலாம். அதற்கும் மனசு வரவில்லை. படத்தை அவர் எடுக்கவா? கேமராவையும் மிச்சமிருந்த பிளேட்டையும் தூக்கிக்கொண்டு நானும் குதிரை வண்டியில் ஏறினேன். வழி நெடுக வண்டிக்காரனை விரட்டினேன்.

குற்றாலத்தில் ஒரே மேகமூட்டம். அவர் ஸ்டுடியோவில் ஒரு ஜமீன் குடும்பம் நகையும் பட்டுமாக உட்கார்ந்திருந்தது. குற்றாலத்துக்காரர் என்னைப் பார்த்தார், தோளில் இருந்த கேமராவைப் பார்த்தார், பின்னால் நின்ற காக்கிச் சட்டையைப் பார்த்தார்.

"வெளிச்சம் வேணும்" என்றேன்.

"வாங்க அண்ணாச்சி" என்றவர், ஜமீன்காரர்களிடம் திரும்பி, "ஒரு பத்து நிமிசம் பொறுக்கணும். பட்டாளத்துக்குப் போற பையன்" என்று அவர்களை எழுப்பிவிட்டார். எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. அதையும் குறித்துக்கொண்டேன்.

நான் ஸ்டாண்டை விரிக்கும்போது அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஜன்னல் வச்சிட்டீயளோ?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பொறத்தால சுவத்துல எண்ணெய்க் கை சாண் சாணா பதிஞ்சிருக்கு. குளிக்க வாரவன் சுவத்த அளப்பானா? மேக்கேயா வச்சீய?"

"உம்மது மேக்கேதான இருக்கு?"

அவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். கண்ணாடி முழுக்க மலை நின்றது. "மதியம் திரும்புனா சூரியன் அதுக்குப் பின்னால போயிரும். அதோட எனக்கு வேற சுவரும் கெடையாது. ரெண்டு பக்கமும் அடுத்தவன் வீடு, முன்னால தெருவு. உங்களுக்கென்ன, வடக்கே அந்தச் சாய்ப்பு இருக்கு. அதுல எடுத்த படம் ஒண்ணப் பாத்துட்டு ராத்திரி தூக்கம் வராமத்தான் நான் இந்தச் சுவத்தையே இடிச்சேன்."

"சாய்ப்பப் பிரிச்சாச்சு" என்றேன்.

"எதுக்கு?"

"ஜன்னலுக்கு மரம் வேணும்னு."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்கள். என் விஷயத்தில் எந்தப் பூனை எந்தப் புலி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த அம்மாளை உட்கார வைத்தோம். வெளிச்சம் பஞ்சு மாதிரி இருந்தது. ஆனால் அவள் கண்ணைத் திறக்கவில்லை. தென்காசியில் பட்ட பாடு, மறுபடி குத்தும் என்று பயந்து இறுக்கி மூடிக்கொண்டாள். "திறங்கக்கா, திறங்கக்கா" என்று நான் கறுப்புத் துணிக்குள்ளிருந்து கத்தினேன். கத்தக் கத்த அவள் முகம் இன்னும் சுருங்கியது. குற்றாலத்துக்காரர் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, அவளிடம் வீட்டு ஆள் மாதிரிப் பேசினார்.

"யக்கா, இங்கன பாக்க வேண்டாம். உங்க மவன் சட்டையில பித்தான் எல்லாம் சரியா போட்டிருக்கானான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அவள் கண்ணைத் திறந்து மகன் பக்கம் திரும்பினாள். மேல் பித்தான் ஒன்று போடாமல் கிடந்தது. அவள் கை மெதுவாக அதை நோக்கி எழுந்தது. அந்தக் காலத்து விதி என்ன? எல்லோரும் நேரே பார்க்க வேண்டும், கை தொடையில் இருக்க வேண்டும். ஒரே பிளேட். துணிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த என்னிடம் அவர் கூட "பொறுங்க" என்று கையைக் காட்டினார், அவள் நேரே திரும்பட்டும் என்று. நான் பொறுக்கவில்லை. அழுத்திவிட்டேன்.

என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களில் அதற்கு ஈடு கிடையாது. அவன் நேரே பார்க்கிறான், அவள் அவனைப் பார்க்கிறாள், விரல் பித்தானைத் தொடுவதற்கு ஒரு நெல்லளவு இருக்கிறது. வெளிச்சம் அவருடையது, பேச்சு அவருடையது, ஒத்துக்கொள்கிறேன். அந்த நொடி என்னுடையது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பொறாமைப்படாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. படுங்கள். ஆனால் அடுத்தவரின் ஜன்னலை அளக்கும்போது அதற்கு எதிரே என்ன நிற்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். நான் மறுபடி சாய்ப்பு இறக்கினேன். ஜன்னலைக் காலைப் படத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

அடுத்த சாரலுக்கு முன்னால் அச்சன்புதூருக்குத் தந்தி வந்துவிட்டது. அந்தப் பையன் திரும்பவில்லை. நானும் என் மனைவியும் துக்கம் கேட்கப் போனோம். வீடு நிறைய ஆட்கள். படம் சுவரில் மாலையோடு இருந்தது. அட்டைக்குப் பின்னால் என் பெயரை முத்திரை குத்தித்தான் கொடுத்திருந்தேன். சட்டம் போட்டதும் அந்தப் பக்கம் சுவரோடு போய்விட்டது.

சுரண்டையிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "உசிரோட இருக்க மாதிரில்லா இருக்கு. யாரு எடுத்தது?" என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இழவு வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது ஒரு கணம் மறந்தேபோயிற்று.

அந்த அம்மாள் தலையைத் தூக்கினாள். "குத்தாலத்துப் போட்டோக்காரரு எடுத்தது. மவராசன், நல்லா இருக்கணும். பித்தானப் பாருன்னு சொல்லி எங் கண்ணத் தொறக்க வச்சாரு" என்றாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இந்த அண்ணாச்சிதான் எங்கள வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போனாவ" என்றாள்.

படம் எடுத்த நேரத்தில் அவள் கண்ணில் பட்டது அவர் முகம்தான், நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தேன். என் மனைவி திரும்பி என்னையே பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். அந்த அம்மாள் நான் ஏதோ சொல்வேன் என்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா" என்றேன். "அவரு ரொம்ப நல்லா எடுப்பாரு."